ஆலோசகரும் சிறப்பு வகுப்பு ஆசிரியரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளில் மனநல ஆலோசகரை அமர்த்துவது பற்றியும், படிப்பில் பின்தங்கியவர்களுக்குச் சிறப்பு வகுப்பு நடத்துவது பற்றியும் அடிக்கடி எழுதப்படுகிறது. இரண்டும் தனித்தனிச் செய்திகளாகவே வருகின்றன. பள்ளிக்குள்ளும் தனித்தனியாகவே நடக்கின்றன. ஆலோசகரிடம் ஒரு பதிவேடு, சிறப்பு வகுப்பு ஆசிரியரிடம் இன்னொன்று. இரண்டிலும் பல பெயர்கள் பொது என்பது, யாராவது ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். கணக்கு வராததால் பள்ளிக்கு வரவே அஞ்சும் பிள்ளையும், வீட்டுப் பிரச்சினையில் தூக்கம் கெட்டதால் கணக்கில் தவறும் பிள்ளையும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். முன்னவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தாலும், பின்னவருக்குப் பயிற்சித் தாள் கொடுத்துக்கொண்டே இருந்தாலும் பயன் இல்லை.

உதவி யாருக்குத் தேவை என்று கண்டுபிடிக்க வருகைப் பதிவேட்டிலிருந்து தொடங்கலாம். மொத்தச் சதவீதத்தைப் பார்ப்பதில் பொருளில்லை. வகுப்பின் வருகை 93 சதவீதம் என்றால் நன்றாகத்தான் தோன்றும். நான்கு பேர் வாரம் ஒரு நாள் தவறாமல் வராதது அதற்குள் மறைந்துவிடும். வேலை நாட்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராத மாணவரைத் தனியே கவனிப்பது பல நாடுகளில் வழக்கமாக இருக்கும் அளவுகோல். எந்தக் கிழமையில் விடுப்பு என்பதையும் பார்க்க வேண்டும். வாரத் தேர்வு நடக்கும் கிழமையில் மட்டும் வயிற்றுவலி வருகிறதென்றால் அந்த வலி பொய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பதற்றம் உண்மையாகவே வயிற்றை வலிக்க வைக்கும். மதிப்பெண்ணிலும் எப்போதும் 30 எடுப்பவரும், 75-இலிருந்து 45-க்கு இறங்கியவரும் வேறு வேறு. முன்னவருக்கு முதலில் அடிப்படைத் திறன் சோதனை வைக்க வேண்டும். பின்னவரிடம் முதலில் பேச வேண்டும்.

வினாத்தாள் மூலம் கண்டறிய விரும்பும் பள்ளிகள் பலவும், பிள்ளைகளின் பலங்களையும் சிரமங்களையும் பற்றிக் கேட்கும் எஸ்.டி.க்யூ. (Strengths and Difficulties Questionnaire) என்ற வினாத்தாளைப் பயன்படுத்துகின்றன. குழந்தை மனநல மருத்துவர் ராபர்ட் குட்மேன் 1997-இல் வெளியிட்டது. மொத்தம் 25 கேள்விகள்: மனத்துயர், நடத்தை, கவனக்குறைவு, சக மாணவர்களோடு உறவு, பிறருக்கு உதவும் இயல்பு என ஐந்து பிரிவுகள், பிரிவுக்கு ஐந்து. இது யாரை அழைத்துப் பேச வேண்டும் என்று காட்டும். யாருக்கு என்ன நோய் என்று காட்டாது. நூறு பேருக்கு வினாத்தாள் கொடுத்துவிட்டு, அதிக மதிப்பெண் வந்த பதினைந்து பேரை அடுத்த இரண்டு வாரத்துக்குள் அழைத்துப் பேச ஆள் இல்லையென்றால் அந்தப் பள்ளி வினாத்தாளைத் தொடாமல் இருப்பதே நல்லது. கேட்டுவிட்டுக் கவனிக்காமல் விடுவது, கேட்காமல் இருப்பதைவிட மோசம்.

எதற்கும் முன்னால் கண்ணும் காதும் சோதிக்கப்பட வேண்டும். கரும்பலகை தெரியாத பிள்ளைக்கு ‘மெல்லக் கற்பவர்’ என்று பெயர் வைத்துவிட்டால் அந்தப் பெயர் ஆண்டுக்கணக்கில் கூடவே வரும்.

சிறப்பு வகுப்புகள் தோற்பதற்கு முதல் காரணம், காலையில் நடத்திய பாடத்தையே மாலையில் இன்னும் உரக்க நடத்துவது. எட்டாம் வகுப்பு மாணவருக்கு இயற்கணிதம் வரவில்லை என்றால் சிக்கல் பெரும்பாலும் இயற்கணிதத்தில் இருக்காது. 502-இலிருந்து 178-ஐக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள். 476 என்று விடை வந்தால், ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறார். கடன் வாங்குவது புரியவே இல்லை. முக்காலும் அரையும் கூட்டினால் ஆறில் நான்கு என்கிறார் என்றால், மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் தனித்தனியாகக் கூட்டுகிறார். பின்னம் என்பது ஒற்றை எண் என்றே அவருக்குத் தெரியாது. இவை கவனக்குறைவால் வந்த பிழைகள் அல்ல. தவறான விதியைத் தவறாமல் பின்பற்றுவதால் வருபவை. அதனால்தான் ‘கவனமாகப் போடு’ என்ற அறிவுரை இங்கே ஒன்றும் செய்வதில்லை.

ஆகவே தொடக்கச் சோதனையை ஒவ்வொருவராக உட்கார வைத்து வாய்மொழியாக நடத்த வேண்டும். வாசிப்புக்கு எழுத்து, சொல், எளிய பத்தி, சற்று நீண்ட கதை என நான்கு படிகள். கணக்குக்கு எண்ணறிதல், கடன் வாங்கிக் கழித்தல், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுத்தல். ஒருவருக்குப் பத்து நிமிடம் போதும். பிறகு வகுப்புவாரியாக அல்லாமல் நிலைவாரியாகக் குழு பிரிக்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளையும் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே குழுவில் உட்காரக் கூசுவார்கள் என்பது உண்மை. அதற்குக் குழுக்களை நிலையின் பெயரால் அழைக்காமல் இருந்தாலே பாதிக் கூச்சம் போய்விடும்.

அளவும் முக்கியம். வாரத்துக்கு மூன்று முறையாவது, ஒவ்வொரு முறையும் 30 முதல் 45 நிமிடம், குழுவுக்கு மூன்று அல்லது நான்கு பேர், மாறாத ஒரே ஆசிரியர், பள்ளி நேரத்துக்குள்: இந்த ஐந்தும் சேர்ந்த இடங்களில்தான் பலன் தெளிவாகத் தெரிகிறது. மாலை ஐந்து மணிக்கு முப்பது பேரை அடைத்து வைக்கும் வகுப்புக்கு, அதிகம் தேவைப்படும் பிள்ளைகளே வர மாட்டார்கள். பேருந்து போய்விடும், வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்க்க வேண்டியிருக்கும். அதே சமயம், பள்ளி நேரத்துக்குள் என்றதும் விளையாட்டு பீரியடையும் ஓவிய பீரியடையும் பிடுங்கிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. படிப்பில் தோற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை தலைநிமிர்ந்து நிற்கும் ஒரே இடம் மைதானமாக இருக்கலாம். அதைப் பறித்துக் கொடுக்கும் உதவியை அவர் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்வார்.

ஒரு வகுப்பை இப்படிப் பிரிக்கலாம்: முதல் ஐந்து நிமிடம் சென்ற முறை கற்றதைப் புத்தகம் பார்க்காமல் எழுதுதல்; பத்து நிமிடம் ஒரே ஒரு கருத்தைச் செய்துகாட்டி விளக்குதல்; பதினைந்து நிமிடம் பயிற்சி; மீதி நேரம் அன்றைய வகுப்புப் பாடத்தோடு அதை இணைத்தல். முதல் ஐந்து நிமிடத்தைத்தான் பலர் வெட்டிவிடுகிறார்கள். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், படித்த ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது மீண்டும் வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். திரும்ப வாசித்தால் படித்துவிட்டது போன்ற திருப்தி உடனே வரும். ஏமாறுவதும் அந்தத் திருப்தியில்தான்.

இனி ஆலோசனை. ஆலோசகர் அறை தலைமையாசிரியர் அறையை ஒட்டி இருந்தால் யாரும் தானாக வர மாட்டார்கள். நூலகத்துக்குப் பக்கத்தில் இருக்கலாம். உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாது. கதவில் சிறு கண்ணாடி இருப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. விடுப்பு எடுத்த ஆசிரியரின் பீரியடுக்கு ஆலோசகரை அனுப்புவதும், ஒழுங்கு விசாரணையில் அவரை உட்கார வைப்பதும் கூடவே கூடாது. காலையில் தண்டனை கொடுத்தவரிடம் மதியம் யார் மனம் திறப்பார்கள்? அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்று பரிந்துரைக்கிறது. அந்த விகிதம் எட்டாத இடத்தில் ஓர் ஆலோசகர் பல பள்ளிகளைப் பார்ப்பதாக இருந்தால், ஒவ்வொரு பள்ளிக்கும் மாறாத கிழமையாவது வேண்டும்.

முதல் சந்திப்பின் முதல் நிமிடத்திலேயே இரகசியத்தின் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். ‘நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்பது காப்பாற்ற முடியாத வாக்கு. தனக்குத் தீங்கு, பிறருக்குத் தீங்கு, பிள்ளைக்கு யாரோ இழைக்கும் கொடுமை ஆகிய மூன்றிலும் பொறுப்பானவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று எளிய சொற்களில் விளக்கிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். பள்ளியில் நடப்பது நான்கு முதல் ஆறு சந்திப்புகள் வரையிலான குறுகிய உதவி. அதற்குள் மாற்றம் தெரியாவிட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவதே முறை. அது ஆலோசகரின் தோல்வி அல்ல.

மாணவர் உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்ற பொருளில் பேசினாலோ எழுதினாலோ, நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படும் என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. அதன் பின் அவரைத் தனியே விடக் கூடாது. பெற்றோரை அன்றே வரவழைக்க வேண்டும். வீட்டுக்குத் தனியே அனுப்பக் கூடாது. வீட்டில்தான் கொடுமை நடக்கிறது என்ற ஐயம் இருந்தால் மட்டும் முதலில் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பை அழைக்க வேண்டும். ‘இனி அப்படிச் செய்ய மாட்டேன்’ என்று எழுதி வாங்குவது பள்ளியைத்தான் ஆறுதல்படுத்தும், பிள்ளையைப் பாதுகாக்காது. அதற்குப் பதிலாக ஒரு பாதுகாப்புத் திட்டத்தை மாணவரோடு சேர்ந்து எழுத வேண்டும்: எந்த அறிகுறி வந்தால் நிலைமை மோசமாகிறது, தானே செய்யக்கூடியது என்ன, மனத்தைத் திருப்பும் இடமும் மனிதர்களும் யார், உதவி கேட்கக்கூடியவர் யார், எந்த மருத்துவரை, எந்த எண்ணை அழைப்பது, வீட்டில் ஆபத்தான பொருட்களைப் பூட்டி வைக்கும் பொறுப்பு யாருக்கு. பள்ளிக்குத் திரும்பும் நாளில் விட்டுப்போன பாடங்களில் எதை எழுத வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இந்தக் கடைசி வரியை எழுத ஆலோசகரால் முடியாது. பாட ஆசிரியர் வேண்டும்.

அதற்காகத்தான் வாரம் ஒரு முறை, டைம்டேபிளில் எழுதி வைத்த 40 நிமிடக் கூட்டம். ஆலோசகர், சிறப்பு வகுப்பு ஆசிரியர், அந்தந்த வகுப்பாசிரியர், தலைமையாசிரியரின் சார்பில் ஒருவர். ஒரு கூட்டத்துக்கு ஆறு பெயர்களுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் என்ன கவனித்தோம், என்ன செய்யப்போகிறோம், யார், எந்தத் தேதிக்குள் என நான்கு கட்டங்கள் கொண்ட ஒரே தாள். ஆலோசகர் அங்கே மாணவரின் கதையைச் சொல்லத் தேவையில்லை. தேவையை மட்டும் சொன்னால் போதும். ‘இரண்டு வாரத்துக்கு இந்த மாணவியை எழுந்து நின்று வாசிக்கச் சொல்ல வேண்டாம், வீட்டுப்பாடத்தில் முதல் ஐந்து கணக்குகள் போதும்’ என்றால் ஆசிரியருக்கு வேலை நடக்கும். ஏன் என்ற கேள்வி ஆசிரியர் ஓய்வறைக்குப் போக வேண்டியதில்லை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை அதே வாய்மொழிச் சோதனையைத் திரும்ப வைத்து, தேறியவரைக் குழுவிலிருந்து வெளியே அனுப்ப வேண்டும். வெளியேறும் வழி இல்லாத சிறப்பு வகுப்பில் பிள்ளைகள் சேர்ந்துகொண்டே போவார்கள். ஆசிரியர்தான் கூட மாட்டார்.

பெற்றோரை அழைப்பதில் ஒரு சிறு ஒழுங்கு: முதல் அழைப்பு புகாராக இருக்கக் கூடாது. பிள்ளை நன்றாகச் செய்த ஏதாவது ஒன்றைச் சொல்வதற்காக ஒருமுறை அழைத்திருந்தால், இரண்டாவது அழைப்பைப் பெற்றோர் எடுப்பார்கள்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் முதலிடம் பெற்றவர்களின் படங்கள் வரும் அதே பக்கத்தில், துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதி, மறுகூட்டலுக்கான வழிமுறை, மாணவர்கள் அழைக்கக்கூடிய உதவி எண் ஆகியவற்றையும் பெரிய எழுத்தில் வெளியிடுங்கள். மாணவர் மரணச் செய்திகளில் முறையை விவரிப்பதையும், தேர்வுத் தோல்வியை ஒரே காரணமாகத் தலைப்பில் வைப்பதையும் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பள்ளி ஆலோசகர்களும் சிறப்பு வகுப்பு ஆசிரியர்களும் சிலர்