சொல்வதை எழுதுதலுக்குக் குதிரை பற்றிய பகுதிகள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ் வழியில் படிக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்து வருகிறேன். வாரத்தில் இரண்டு நாள் சொல்வதை எழுதுதல் பயிற்சி உண்டு. பக்கத்து மலையாள வகுப்பில் இதையே கேட்டெழுத்து என்பார்கள். இந்தப் பயிற்சிக்கு நல்ல பகுதிகள் கிடைக்காத குறையைச் சொல்லி, தங்கள் நாளிதழால் இயன்ற ஓர் உதவியைக் கேட்கவே இக்கடிதம்.

தத்தமங்கலம் அங்காடிவேலத் திருவிழாவின் குதிரையோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள், அடுத்த முறை குதிரையைப் பற்றிச் சொல்லுங்கள், எழுதுகிறோம் என்று கேட்டார்கள். தெருவில் மலையாளமும் வீட்டில் தமிழுமாக வளரும் பிள்ளைகள் தாங்களாகவே ஒரு தமிழ்ப் பகுதியைக் கேட்பது அடிக்கடி நடப்பதன்று. ஆனால், கடையில் வாங்கிய பயிற்சி நூலில் குதிரைக்கு நான்கு கால்கள் உண்டு, அது புல் தின்னும் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. இணையத்தில் கிடைத்தவையோ வேற்றுமொழியிலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்தவை. உரக்க வாசிக்கும்போது எங்கே நிறுத்தி மூச்சு விடுவதென்றே தெரியவில்லை. சொல்வதை எழுதுதலுக்கான பகுதி காதுக்காக எழுதப்பட வேண்டியது என்பதை இவற்றைத் தொகுத்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

வேறு வழியின்றி, லாடம் அடிப்பதைப் பற்றி நானே எட்டு வரி எழுதி வாசித்தேன். குளம்பின் வெளிச்சுவர் நம் நகத்தைப் போல வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதையும், அதன் உணர்ச்சியற்ற ஓரத்தில் முறையாக ஆணி அடித்தால் குதிரைக்கு வலிக்காது என்பதையும், ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் செதுக்கி மீண்டும் அடிக்க வேண்டும் என்பதையும் கேட்டபோது வகுப்பில் சத்தமே இல்லை. ஏடுகளைத் திருத்தியபோது பாதிப் பேருக்கு மேல் 'குழம்பு' என்று எழுதியிருந்தார்கள். மறுநாள் இரண்டு சொற்களையும் கரும்பலகையில் எழுதி வேறுபாட்டைக் கேட்டேன். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, "டீச்சர், குழம்புன்னா பாட்டி முட்டிக்குத் தேய்க்கிறது, இது குளம்பு" என்றாள். மலையாளத்தில் குழம்பு என்பது மருந்தெண்ணெய். குளம்பு அங்கும் குளம்புதான். ளகர, ழகர வேறுபாட்டை அவள் இரண்டு மொழிகளையும் கொண்டு பிடித்துக்கொண்டாள். அதன்பின் அந்தச் சொல்லில் யாரும் தவறவில்லை.

குதிரையைச் சார்ந்த சொற்கள் எழுத்துப்பிழை திருத்துவதற்கென்றே அமைந்தவை போல இருக்கின்றன. கடிவாளம், சேணம், லாடம், பிடரி, கனைத்தல், பரி என ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் தடுமாறும் ஓர் எழுத்து இருக்கிறது. பரிக்கும் பறிக்கும் உள்ள வேறுபாட்டை இலக்கண விதியாகச் சொல்வதைவிட, நரியைப் பரியாக்கிய திருவிளையாடலைச் சொல்லி எழுதச் செய்வது எளிது.

செய்திகளுக்கும் பஞ்சமில்லை. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியே குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே குதிரைகளுக்குச் சோறும் இறைச்சியும் வேகவைத்துக் கொடுத்தார்கள் என்றும், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் அவை மடிந்தன என்றும் எழுதினார். திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்துக் குதிரைத் தூண்களைப் பற்றி மட்டுமே நான்கு வாரம் எழுதலாம். குதிரை நின்றபடியும் உறங்கும், மூக்கால் மட்டுமே மூச்சு விடும் என்பவை பத்து வயதுப் பிள்ளை வீட்டில் போய்ச் சொல்ல விரும்பும் செய்திகள்.

எனவே, தங்கள் சிறுவர் பகுதியில் வாரம் ஒருமுறை அறுபது முதல் எண்பது சொற்களுக்குள், உரக்க வாசிக்கத் தக்க சிறிய வாக்கியங்களில், உண்மைச் செய்தி கொண்ட ஒரு பகுதியை வெளியிடுமாறு வேண்டுகிறேன். அச்சுப்பிழை ஒன்றுகூட இருத்தலாகாது. பிள்ளைகள் அச்சில் இருப்பதையே சரியென்று நம்புகிறார்கள். முதல் சில வாரங்கள் குதிரைக்கே ஒதுக்கினால் மிக மகிழ்வேன். ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரை கொண்டு வருபவர்களில் ஒருவர், பல்லைப் பார்த்து வயது சொல்லும் முறையைத் தங்கள் இதழில் விளக்கினால், அது வெளிவரும் வாரமே வகுப்பில் வாசித்துவிடுவேன்.

இப்படிக்கு,
தமிழாசிரியை ஒருவர்,
சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்.