கரும்பு வெட்ட வருபவர்களுக்கும் மாத்திரை கிடைக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம். நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கம் கரும்பு வெட்டு தொடங்கினால் வெளி மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து வயலோரம் கொட்டகை போட்டுத் தங்குகிறார்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம்தான், பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, ஆனால் வீடு ஓர் ஊரிலும் ஆள் இங்கே கொட்டகையிலும் இருந்தால் மாத்திரை யார் கையில் போய்ச் சேரும்? ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாமே என்பார்கள். போகலாம், அன்றைய கூலி போய்விடும், மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியவருக்கு அது லேசான காரியமா? கரும்பின் சோகை, அதாவது இலை, கிழித்த கையில் மஞ்சளை அப்பிக்கொண்டு மறுபடி வெட்டப் போகிறார்கள். எந்த வயலில் வெட்டு என்பது ஆலைக்குத் தெரியும், வெட்டு உத்தரவு கொடுப்பதே அவர்கள்தானே! அந்தப் பட்டியலைச் சுகாதாரத் துறைக்குக் கொடுத்தால் நடமாடும் மருத்துவ வண்டி சாயங்காலம் கொட்டகைக்கே வரலாம். அப்புறம், குழந்தைகளின் தடுப்பூசி அட்டையையும் கையோடு பார்த்துவிடலாம்.

ஒரு கரும்பு விவசாயி, நெல்லிக்குப்பம்