அடுப்பு மூடியில் இருக்கும் முள் பொய் சொல்கிறது

நாள்: 22.05.2025

அனுப்புநர்: உங்கள் கரி அடுப்பை வாங்கிய வாடிக்கையாளர், கொசப்பேட்டை, வேலூர்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பார்பிக்யூ அடுப்பின் தெர்மாமீட்டர், காற்றுத் துவாரம் இரண்டிலும் பழுது – மாற்றித் தரக் கோருவது.

ஐயா,

ஏப்ரல் கடைசியில் 11,500 ரூபாய் கொடுத்து உங்கள் மூடி போட்ட கரி அடுப்பை வாங்கினேன். முதல் இரண்டு தடவை கோழிக் காலும் சோளமும் சுட்டோம், குறை தெரியவில்லை. நேரடித் தணலில் சுடும்போது யார் மீட்டரைப் பார்க்கிறார்கள்?

மே 18, ஞாயிற்றுக்கிழமை மச்சான் குடும்பமும் மாமியாரும் வந்திருந்தார்கள். ஆட்டு நெஞ்செலும்பு 3 கிலோ வாங்கினேன், 2,400 ரூபாய். "குழம்புக்கு வெட்டாம முழுசா எடுத்துட்டுப் போயி என்னா சார் செய்யப் போறீங்க?" என்று கறிக்கடை பாய் சிரித்தார். உள்பக்கத்து வெள்ளை ஜவ்வை ஸ்பூன் காம்பால் நெம்பி உரித்து, உப்பு, மிளகு, மிளகாய்த்தூள், கொஞ்சம் வெல்லத்தூள் தடவி முந்தின நாள் ராத்திரியே ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று. மறுநாள் மாலை மாடியில் கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கம் தண்ணீர்த் தட்டும் அதற்கு மேல் கறியும் வைத்து மூடினேன். நெஞ்செலும்பில் கறி கம்மி, கறிக்கு நடுவே ஓடும் ஜவ்வும் கொழுப்பும்தான் அதிகம். 110, 120 டிகிரியில் நிதானமாகக் கிடந்தால்தான் ஜவ்வு இளகிக் கறி எலும்பை விட்டுக் கழலும். சூடு ஏறினால் கறி விறைத்துவிடும், வெல்லம் கருகிவிடும்.

முள் 120-லேயே நின்றது. நானும் நம்பிக் கீழே இறங்கி வந்து மச்சானோடு பேசிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் மேலெல்லாம் கரி, உள்ளே செருப்புத் தோல். காற்றைக் குறைக்கலாம் என்று கீழ்த் துவாரத்தின் தகட்டைத் தள்ளினால் அது பாதியில் சிக்கிக்கொண்டது. ரிவெட்டை அவ்வளவு இறுக்கி அடித்திருக்கிறார்கள்.

"தணல் வீணாப் போகுதே மாப்பிள்ளை" என்று மாமியார்தான் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் எட்டை அந்தத் தணலிலேயே போட்டார். தோல் வெடித்ததும் எடுத்து உரித்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் புளிக்கரைசலும் விட்டுப் பிசைந்தார். அன்றைக்கு எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டது அதைத்தான். உங்கள் அடுப்பில் அதற்கு மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலையில் மூடியின் நட்டைக் கழற்றி, தெர்மாமீட்டர் கம்பியைக் கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிடம் பிடித்தேன். முள் 62-இல் நின்றது. வீட்டில் இருக்கும் டிஜிட்டல் மீட்டர் அதே பாத்திரத்தில் 99 காட்டியது. அப்படியென்றால் முள் 120 காட்டியபோது உள்ளே 160-ஐ நெருங்கியிருக்கும். வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் கஸ்டமர் கேரில் பேசிய தம்பி, "உங்க ஊர்ல வெயில் அதிகம் சார், மீட்டர் அப்படித்தான் காட்டும்" என்றார். வெயிலால் முள் ஏறிக் காட்டினாலாவது ஒத்துக்கொள்ளலாம், இது குறைத்தல்லவா காட்டுகிறது! அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது புதுசில்லை. அந்த வெயிலுக்கே தாங்காத மீட்டரை அடுப்பு மூடியில் ஏன் பொருத்தினீர்கள்?

இன்னொன்று. கூடவே கொடுத்த புத்தகத்தில் எலும்புக் கறிக்கு ஆறு மணி நேரம் என்று போட்டிருக்கிறது. அது பன்றி விலாவுக்கான கணக்கு. நம்மூர் வெள்ளாட்டு விலா மெல்லிசு, அவ்வளவு நேரம் தாங்காது. இங்கே விற்கிறவர்கள் ஆட்டுக்கறிக்கு ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

15 நாளைக்குள் தெர்மாமீட்டரையும் கீழ்த் துவாரத் தகட்டையும் மாற்றித் தாருங்கள், இல்லையென்றால் அடுப்பை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். கறிக் காசு 2,400-ஐயும் சேர்த்தே கேட்கிறேன். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்வேன், அப்புறம் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது.

ஆள் அனுப்புவதானால் மாலை 5 மணிக்கு மேல் அனுப்புங்கள். பகலில் எங்கள் மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது.

இப்படிக்கு,
கொசப்பேட்டை வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், வீடியோ, கருகிய நெஞ்செலும்பின் படங்கள் இரண்டு.