திரிசூலம் பிடித்த டாலர்

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அடிஸ் அபாபா சந்தையில் ஒரு பாட்டி துணி விரித்து வைத்திருந்த வெள்ளிக்காசுகளின் படம் வந்தது. கீழே நீ எழுதியிருந்த ஒரு வரியும் பார்த்தேன்: "இதில் ஒன்று வாங்கட்டுமா அப்பா?" போனிலேயே சொல்லிவிடுங்களேன் என்றாள் உன் அம்மா. காசைப் பற்றி நீ என்னிடம் கேட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது பாப்பா. அதைப் போனில் பேசி முடிக்க எனக்கு மனசு வரவில்லை. எழுதி முடித்ததும் தம்பி படம் பிடித்து அனுப்புவான்.

காசில் இருக்கும் அம்மாள் மரியா தெரசா. ஆஸ்திரியாவை ஆண்டவள். காசுக்குப் பெயர் தாலர். பொஹிமியாவில் யோவாகிம்ஸ்தால் என்ற வெள்ளிச் சுரங்க ஊரின் பெயர்தான் தாலர் ஆகி, தாலர் டாலர் ஆனது. நீ பார்க்கும் எல்லாக் காசிலும் 1780 என்றுதான் இருக்கும். அந்த வருஷம் நவம்பரில் அந்த அம்மாள் இறந்துபோனாள். ஆனால் காசு அடிப்பது நிற்கவில்லை. காப்பி விற்கும் அரபு வியாபாரிகளும் உங்கள் எத்தியோப்பியா ஆட்களும் இந்த முகத்தைத் தவிர வேறு முகத்தை வாங்கமாட்டோம் என்று நின்றார்கள். தோளில் குத்தியிருக்கும் அணியின் முத்துகளை எண்ணிப் பார்த்துத்தான் வாங்குவார்களாம். அதனால் அதே முகம், அதே வருஷம் போட்டு வியன்னாவில் அடித்துக்கொண்டே இருந்தார்கள். 1935-லிருந்து ரோமிலும், அதற்கடுத்து லண்டனிலும் அடித்தார்கள். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் நம் பம்பாய் நாணயச்சாலையிலும் அடித்தார்கள். ஆகவே இருநூறு வருஷத்துக் காசு என்று யாராவது விலையை ஏற்றினால் ஏமாந்துவிடாதே. வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

வெள்ளிதானா என்று பார்ப்பது உனக்குப் புதிதல்ல, பட்டறையில் வளர்ந்தவள் நீ. எடை 28 கிராமுக்கு ஒரு துளி மேலே இருக்கவேண்டும். தேய்ந்த காசானால் சற்றுக் குறையலாம். நூற்றுக்கு 83 பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு. காந்தம் இழுத்தால் கீழே வைத்துவிட்டு வந்துவிடு. விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் மெல்லத் தட்டினால் கணீரென்று நீளமாகப் பாடவேண்டும். கடைசியாக விளிம்பைப் பார். அங்கே லத்தீனில் 'நீதியும் கருணையும்' என்று எழுத்து ஓடும். அச்சில் வார்த்த போலியில் அந்த எழுத்து மழுங்கியிருக்கும், இல்லாவிட்டால் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரியும். போலி செய்கிறவன் முகத்துக்குத்தான் மெனக்கெடுவான். விளிம்பில்தான் மாட்டுவான்.

அங்கே ரூபாயை 'பிர்' என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவர்கள் மொழியில் அதற்கு வெள்ளி என்றுதான் அர்த்தம், முன்பு இந்தத் தாலரைத்தான் அப்படிச் சொன்னார்கள். நம் சிங்கப்பூர், மலேசியா ஜனங்கள் இன்றைக்கும் 'பத்து வெள்ளி கொடு' என்கிறார்களே, அதுவும் இதே வழக்கம்தான். அந்தக் காலத்தில் அவர்கள் கையில் வாங்கிய கூலி நிஜமான வெள்ளி.

இங்கேதான் பாப்பா, நான் சொல்லவேண்டியது வருகிறது.

ஏற்காட்டு எஸ்டேட் ரைட்டர் மாமாவை உனக்கு ஞாபகம் இருக்கும். அவருடைய தாத்தா பினாங்கில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது சுருக்குப் பையில் முடிந்துகொண்டு வந்த ஒரு டாலரை எனக்குக் கொடுத்தார். பதிலுக்கு 1969-ல் வந்த காந்தி படம் போட்ட பத்து ரூபாய் வெள்ளிக்காசு இரண்டும், அவர் மகளுக்குச் செய்கூலி, சேதாரம் இல்லாமல் ஒரு ஜோடி கொலுசும் கொடுத்தேன். நாங்கள் காசு மாற்றிக்கொள்வது எப்போதும் இப்படித்தான், ரொக்கம் கைமாறாது. பிரிட்டிஷ் வர்த்தக டாலர் அது, 1902-ஆம் வருஷத்தது. ஒரு பக்கம் சீன எழுத்தும், மலாய் மொழியை எழுதும் ஜாவி எழுத்தும். மறுபக்கம் கேடயத்தோடும் திரிசூலத்தோடும் நிற்கும் பிரிட்டானியா, பிரிட்டன் நாட்டையே பெண்ணாக வடித்த உருவம், பின்னால் ஒரு கப்பல். திரிசூலத்தின் நடு முனையில் லென்ஸ் வைத்தால்தான் தெரியும் அளவுக்கு 'பி' என்று ஓர் எழுத்து. பம்பாயில் அடித்ததற்கு அடையாளம். ஹாங்காங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகவேண்டிய டாலரை நம் நாட்டில் அடித்து அனுப்பினார்கள். அது பினாங்குக்குப் போய், ஏற்காட்டுக்கு ஏறி, செவ்வாய்ப்பேட்டைக்கு இறங்கியது.

உனக்கு அப்போது ஒன்பது வயது. திரிசூலத்தைப் பார்த்துவிட்டு 'கோட்டை மாரியம்மன்' என்று பெயர் வைத்தாய். ஆயுத பூஜைக்கு முதல் நாள், பட்டறையில் எல்லாவற்றையும் துலக்கிக்கொண்டிருந்தோம். நீ பெட்டியைத் திறந்து அம்மனை எடுத்து, கொலுசுகளோடு பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டு, பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பளபளவென்று என் உள்ளங்கையில் வைத்தாய். சட்டையெல்லாம் நுரை. நான் பார்த்தது நுரையையோ உன் முகத்தையோ அல்ல. அந்த அம்மாள் புடவை மடிப்பில் நூறு வருஷமாகப் படிந்திருந்த கருப்பு போய்விட்டது. மேலெல்லாம் பிரஷ்ஷின் கீறல். கடைப்பையன்கள் முன்னால் உன்னை அடித்தேன். நீ அழவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெட்டி பக்கம் நீ வரவும் இல்லை.

காசைக் கழுவக்கூடாது என்பது சரிதான். வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து மெல்ல மெல்ல எடுக்கும் நிறம் அது, கழுவினால் சேகரிப்பவன் கண்ணில் மதிப்பு பாதியாகும். ஆனால் அதை நான் உனக்கு ஒருநாளும் சொல்லித்தரவில்லை. வெள்ளியென்றால் துலக்கவேண்டும் என்றுதான் நம் வீட்டில் நீ பார்த்தாய். அம்மனுக்கு அபிஷேகம் செய்த குழந்தையை அடித்தேன். தப்பு என்னுடையது, கண்ணு. இதை முன்னமே சொல்லியிருக்கவேண்டும்.

காசைக் கெடுத்தது என்று சொன்னால் முதலில் என் கையைத்தான் சொல்லவேண்டும். 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியபோது எனக்குப் பதினேழு வயது, உன் தாத்தா பட்டறையில் வெள்ளி உருக்கும் மூசைக்கு ஊதிக்கொண்டிருந்தேன். ஜனங்கள் துணிப்பையில் கொண்டுவந்து கொட்டினார்கள். ராஜா தலை ரூபாய்கள்தான் அதிகம். ஒருநாள் உள்ளங்கையை நிறைக்கும் காசு ஒன்று வந்தது, இரண்டு தூண்களும் நடுவே கேடயமும் போட்டது. அழகாக இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் வைத்துப் பார்த்தேன். பிறகு மூசையில் போட்டுவிட்டேன். முதலில் விளிம்பு இளகி, தூண் சாய்ந்து, எல்லாம் ஒரே கண்ணாடியாய் ஆனது. ஸ்பெயின் டாலர் என்று பத்து வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவிலேயே 1857 வரை செல்லுபடியான காசு. நம் சென்னையில் 1807, 1808-ல் கம்பெனிக்காரர்கள் இதே காசின் மேல் வேறு அச்சு வைத்து அடித்திருக்கிறார்கள். அப்படி வந்த அரை வராகன் என்ற காசில் ஒரு பக்கம் கோபுரமும் நட்சத்திரங்களும், மறுபக்கம் பெருமாளும் தமிழ் எழுத்தும் இருக்கும். கோபுரத்துக்கு அடியில் பழைய அச்சு மங்கலாகத் தெரியும் காசுகளும் உண்டு. ஒன்றை என் ஆயுசுக்குள் கையில் பிடித்துவிடவேண்டும் என்று ஆசை.

உருக்கியது நாம் மட்டுமல்ல. முதல் உலகப் போர் சமயத்தில் இங்கே காகித நோட்டை நம்பாமல் ஜனங்கள் வெள்ளி ரூபாய் கேட்டு நின்றபோது, அமெரிக்கா 1918-ல் ஒரு சட்டம் போட்டு 27 கோடி வெள்ளி டாலரை உருக்கியது. அதில் பெரும்பகுதி இங்கே வந்து ரூபாய் ஆனது. அந்த ரூபாயைத்தான் நம் ஊர் உருக்கிக் கொலுசாக்கியது. உன் கல்யாணக் கொலுசுக்குக் கம்பி இழுக்கும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, சந்தைக்கு வருகிறேன். உன் படத்தில் இடது ஓரத்தில் வளையம் பற்றவைத்த காசு ஒன்று இருக்கிறது. யாரோ கழுத்தில் போட்டிருந்தது. சேகரிப்பவர்கள் அதைத் தொடமாட்டார்கள். விலை பேச வராது, மாற்றிக்கொள்ளவும் ஆள் கிடைக்காது. நீ அதைத்தான் வாங்கு. ஒரு பெண் வருஷக்கணக்கில் போட்டுத் தேய்ந்த மூக்கு அது. வளையத்தின் எடையைக் கழித்துக் கணக்குப் போட்டுக்கொள். மற்றதில் நல்லதாக ஒன்று எடுத்தால் போதும், பத்து வேண்டாம். வாங்குவதற்கு முன்னால் பழம்பொருள் வெளியே கொண்டுவர அந்த நாட்டில் என்ன விதி என்று உன் காலேஜில் விசாரித்துக்கொள். நம் நாட்டிலிருந்து நூறு வருஷம் தாண்டிய காசை வெளியே கொண்டுபோக முடியாது, 1972 சட்டம் இருக்கிறது. இல்லாவிட்டால் மாரியம்மனை உனக்கு என்றோ கொடுத்து அனுப்பியிருப்பேன்.

ரைட்டர் மாமா இப்போது நடக்கச் சிரமப்படுகிறார். போன வாரம் காப்பிக்கொட்டை கொண்டுபோய்ப் பார்த்தேன், இல்லை, அவர்தான் எனக்கு இரண்டு கிலோ கொடுத்தனுப்பினார். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 1820-களில் ஏற்காட்டுக்குக் கொண்டுவந்த செடியின் பூர்வீகம் நீ இருக்கும் நாடுதான் என்று சொன்னதும், உன்னிடம் அந்த ஊர்க் கொட்டை கொஞ்சம் கேட்கச் சொன்னார். கொண்டு வா.

டாலர் பெட்டியில்தான் இருக்கிறது. நல்லதாக வேறொன்று தருகிறேன், இதைக் கொடு என்று இரண்டு பேர் கேட்டார்கள், மாற்றவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் துணியில் கிடந்ததில் விளிம்பைச் சுற்றித் தேன் நிறம் ஏறியிருக்கிறது. புடவை மடிப்பில் லேசாகக் கருப்பு விழ ஆரம்பித்திருக்கிறது. பிரஷ் கீறல் அப்படியேதான் இருக்கிறது, வெளிச்சத்தில் சாய்த்தால் உன் கை எந்தப் பக்கம் தேய்த்தது என்று தெரியும்.

பெட்டிச் சாவி சாமி படத்துக்குப் பின்னால், பழைய இடத்திலேயே. அடுத்த சந்தைக்குப் போகும்போது அந்த வளையக் காசின் விளிம்பை மட்டும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு.

அப்பா