மாரியிலும் திருமலைக்கு ஆட்கள் வருகிறார்கள்

திருகோணமலையின் விடுதி உரிமையாளர்களுக்கும் ஆட்டோ சாரதிகளுக்கும் படகுக்காரர்களுக்கும் சுற்றுலா வழிகாட்டிகளுக்கும்,

வணக்கம்.

உங்கள் தொழிலின் ஆண்டு மே மாதத்தில் தொடங்கி செப்டெம்பரில் முடிந்துவிடுகிறது. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கடல் குளம்போல் கிடக்கும் மாதங்கள் அவை. புறாத்தீவுக்குப் படகு போகும், திமிங்கிலம் பார்க்க வெளிநாட்டவர் வருவார்கள். நாலு காசு பார்க்கிறீர்கள், நல்லது. ஆனால் ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பியதும் கதவைப் பாதி சாத்திவிட்டு, அதன் பிறகு வருகிறவர்களை வழிதவறி வந்தவர்களைப் பார்ப்பதாகப் பார்க்கிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

மாரியில் வருகிறவர்கள் நம்முடைய ஆட்கள். பிள்ளைகளுக்கு டிசம்பரில் பாடசாலை விடுமுறை கிடைக்கிறது. மலையகத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் குடும்பத்தோடு வருகிறார்கள். கனடாவில் குளிர் தாங்காமல் வருகிறவர்களும் உண்டு. திருவெம்பாவை நாட்களில் கோணேசரைக் கும்பிடுவதாக நேர்த்தி வைத்தவர்களிடம் போய், ஆனி, ஆடியில் வாருங்கள், அப்போது கடல் அழகாயிருக்கும் என்று சொல்ல முடியுமா?

இது தலைநகரமும்கூட. 1988 முதல் வடக்கு கிழக்கு மாகாணத்துக்கும், மாகாணங்கள் பிரிந்த 2007 முதல் கிழக்கு மாகாணத்துக்கும் திருமலைதான் தலைநகர். மழை பெய்கிறது என்று இங்கே கந்தோரும் பூட்டுவதில்லை, சந்தையும் பூட்டுவதில்லை. சுற்றுலா மட்டும் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறது.

ஒரு மார்கழியில் என் தங்கை குடும்பம் வந்தது. எங்கள் வீட்டில் இடம் போதாது என்று கடற்கரையோரம் ஒரு விடுதியில் அறை எடுத்துக் கொடுத்தோம். இரவு பஸ்ஸில் வந்து, நனைந்த பிள்ளைகளோடு விடியுமுன்னே வாசலில் நின்றார்கள். அறை பகல் இரண்டு மணிக்குத்தான் என்றார்கள். மற்ற அறைகள் எல்லாம் காலியாகவே கிடந்தன. சமையலறை பூட்டியிருந்தது, ‘சீசன் இல்லை’ என்றான் அங்கிருந்த பையன். வாடகை மட்டும் சீசன் வாடகை! ஈரத்துணி உலர்த்த ஒரு கொடிகூடக் கட்டியிருக்கவில்லை. அடுத்த நாளே மூட்டையைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள்.

அந்த விடுமுறையைக் காப்பாற்றியவர் ஓர் ஆட்டோ சாரதி. இரண்டு பக்கமும் தடித்த றெக்சின் திரை, உள்ளே காய்ந்த துவாய், முன்னால் ஒரு பெரிய குடை. எங்கே போக வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. வானத்தைப் பார்த்து அவரே முடிவு செய்தார். அடைமழை பெய்த நேரம் ஒல்லாந்தர் காலத்துக் கட்டடத்தில் இருக்கும் கடற்படை அருங்காட்சியகத்தில் எங்களை இறக்கினார். தூறலாகக் குறைந்ததும் கோட்டைக்குள் கூட்டிப்போனார்.

பிரெட்ரிக் கோட்டையை மழையில் பார்க்க வேண்டும். ஆலமரங்களின் கீழே புள்ளிமான்கள் கூட்டமாக ஒதுங்கி நிற்கின்றன. வெயில் நாளில் கூட்டத்தைக் கண்டு விலகிப் போகிறவை, அன்று பிள்ளைகளை நின்று பார்த்தன. (அவற்றுக்குப் பொலித்தீன் பையோடு தீனி போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.) பழைய கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் 1624இல் அந்தக் கல்லையே கொண்டு கோட்டை கட்டியதையும், 1639இல் அது ஒல்லாந்தரிடமும் 1795இல் ஆங்கிலேயரிடமும் போனதையும் சாரதி நடந்துகொண்டே சொன்னார். தங்கையின் மாமியார் மதிலருகே போய் ஈரக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மேலே சுவாமி மலையில் காற்று குடையைப் பிடுங்கியது. கீழே கடல் வெள்ளையாகக் கொதித்தது. இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவை எட்டிப் பார்த்த பிள்ளைகள் நீச்சலைப் பற்றி அதன் பிறகு பேசவேயில்லை.

பின்னேரம் கன்னியா வெந்நீரூற்று. கொளுத்தும் வெயிலில் போய் வெந்நீரை அள்ளி ஊற்றிக்கொள்வதில் என்ன சுகம் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே விளங்கியதில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டு ஏழு கிணறுகளிலும் வாளி போட்டு, எதில் சூடு அதிகம் என்று பிள்ளைகள் சண்டை பிடித்தபோது விளங்கியது.

அன்று நாங்கள் போன இடம் ஒவ்வொன்றும் உங்கள் எல்லாருக்கும் தெரிந்த இடம். அவற்றை எந்த வரிசையில், எந்த வானத்தில் பார்ப்பது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. விடுதிக்காரர் அதை ஒரு தாளில் எழுதி வரவேற்பு மேசையில் வைத்தால் போதும். அதிகாலையில் வருகிற குடும்பத்துக்குக் காலி அறையைத் திறந்துவிடுங்கள். சூடான பிட்டும் சம்பலும் கொடுங்கள். அதற்குரிய காசை வாங்குங்கள், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

படகுக்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். 2025 நவம்பரில் டித்வா புயலைக் கண்ட நமக்கு வாடைக்காலக் கடலை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. உங்களில் பலர் ‘இன்றைக்கு முடியாது’ என்று முகத்துக்கு நேரே சொல்கிறீர்கள், கையெடுத்துக் கும்பிடலாம். ‘காற்று இறங்கும், பார்ப்போம்’ என்று முற்பணம் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தை அரைநாள் கரையில் நிறுத்தி வைப்பவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. வெள்ள எச்சரிக்கை வந்த நாளில் யாரும் எங்கும் போக வேண்டாம். அதையும் விருந்தாளியிடம் முதலில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தாம்.

வரும் மார்கழியில் என் சித்தப்பாவின் மகன் குடும்பம் ஹற்றனிலிருந்து வருகிறது. கைக்குழந்தையும் உண்டு. அறை கேட்டு உங்களில் ஒருவரைத்தான் அழைப்பேன். கடல் தெரியுமா என்று கேட்கமாட்டேன். காலை ஆறு மணிக்குக் கதவு திறப்பீர்களா, துணி காயவைக்க இடம் இருக்கிறதா என்று கேட்பேன். பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

இப்படிக்கு,
திருமலைவாசி ஒருத்தி