மீதம் ஒரே ஒரு முறை: ஹோம் வீடியோ நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹாலிவுட் படங்களை டிஸ்க்கில் வெளியிடும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

ரீஜன் கோடு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. உலகத்தை ஆறு துண்டாக வெட்டி அமெரிக்காவுக்கு 1, ஐரோப்பாவுக்கு 2, எங்களுக்கு 5 என்று எண் போட்டு, ஒரு துண்டில் விற்ற டிஸ்க் அந்தத் துண்டின் பிளேயரில்தான் ஓடும் என்று பூட்டியது உங்கள் தொழில்தான். போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி அந்த எண் எங்கள் வீட்டு ஹாலில் என்ன பாடு படுத்தியது என்பதை மட்டும் சொல்கிறேன்.

கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்த நாங்கள் நான்கு பேர் பல வருடம் கழித்து ஒன்றாகக் கூடினோம். நான்கு அமெரிக்க இளைஞர்கள் ஐரோப்பாவைச் சுற்றும் 'யூரோடிரிப்' என்ற நகைச்சுவைப் படத்தைப் பார்க்க வேண்டும் என்பது 2025 பிப்ரவரியில் இருந்தே இருந்த பேச்சு. அந்தப் படத்தில் ஜென்னியாக வந்த மிஷேல் டிராக்டென்பர்க் 39 வயதில் இறந்துபோன செய்தி வந்த மாதம் அது. எங்களைவிடச் சின்னவர். அமெரிக்காவில் இருக்கும் நண்பன் ஊருக்கு வரும்போது அங்கே ஒரு பழைய பொருள் கடையில் 3 டாலர் கொடுத்து அசல் டிவிடி வாங்கி வந்தான். நியாயமான வழியில் வாங்கிய, அட்டை கிழியாத டிஸ்க். பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிற படம் இல்லை என்பதால் அவர்கள் தூங்கட்டும் என்று பதினொரு மணி வரை காத்திருந்தோம்.

டிஸ்க்கை உள்ளே தள்ளியதும் இந்த ரீஜனில் ஓடாது என்று பிளேயர் சொல்லிவிட்டது. ஒருவன் இணையத்தில் தேடி, ரிமோட்டில் ஏதோ ரகசிய எண்ணை அழுத்தினால் பூட்டு திறக்கும் என்றான். அழுத்தினோம். தட்டு வெளியே வந்தது, உள்ளே போனது, அவ்வளவுதான்.

சரி, லேப்டாப்பில் பார்க்கலாம் என்று வெளி ட்ரைவை எடுத்துச் செருகினேன். ரீஜனை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மீதம் இருப்பது ஒரே ஒரு முறை என்று திரையில் வந்தது. ஒரு ட்ரைவுக்கு மொத்தம் ஐந்து முறைதான் என்பது உங்கள் விதி. முதலில் 5 என்று வைத்ததே ஒரு முறை. சிங்கப்பூரில் வாங்கிய ஒரு டிஸ்க்குக்காக 3, லண்டனில் இருந்து வந்த ஒன்றுக்காக 2, திரும்ப நம் ஊருக்கே 5. நான்கு முடிந்தது. ஐந்தாவது முறையும் 1 என்று மாற்றிவிட்டால் அந்த ட்ரைவ் சாகும்வரை அமெரிக்கக் குடிமகன், விசாவும் இல்லாமல் கிரீன் கார்டும் இல்லாமல். அப்புறம் இங்கே கடையில் ரசீதோடு நான் வாங்கி அடுக்கி வைத்திருக்கும் ரீஜன் 5 டிஸ்க்குகள் அதில் ஓடாது. அரை மணி நேரம் நாற்பது வயது தாண்டிய நான்கு பேர் ஒரு பட்டனைச் சுற்றி உட்கார்ந்து பஞ்சாயத்து பேசினோம். 'அழுத்துடா' என்று இரண்டு பேர், 'வேண்டாம்டா' என்று ஒருவன். கடைசியில் நான் மூடி வைத்துவிட்டேன்.

பரணில் ஒரு அட்டைப் பெட்டி இருந்தது. அதற்குள் 2005-ல் பர்மா பஜாரில் வாங்கிய திருட்டு டிவிடி, மேலே மார்க்கர் பேனாவில் பாதி தப்பான எழுத்தில் படத்தின் பெயர். சட்டையில் துடைத்துப் போட்டேன். எந்தக் கேள்வியும் கேட்காமல் ஓடியது.

ஐயா, அம்மா, உங்களிடம் கேட்க வந்தது இதைத்தான். அந்தப் பூட்டை எடுத்துவிடுங்கள். அது திருடனைத் தடுக்கவில்லை. காசு கொடுத்தவனைத்தான் வாசலில் நிறுத்துகிறது.

படம் எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். இருபது வருடத்தில் பாதி நகைச்சுவை புளித்துப்போயிருக்கிறது. ரயில் பெட்டியில் இருட்டானதும் கையை வைக்கும் அந்த இத்தாலியரைப் பார்த்து அன்று விழுந்து விழுந்து சிரித்தோம். இன்று சிரிப்புக்கு நடுவே கொஞ்சம் நெளிந்தோம். ஆண்கள் நிறைந்த நிர்வாணக் கடற்கரைக் காட்சி இப்போதும் வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே கேலிக்கு ஆளாவது ஆசையோடு ஓடிவரும் பையன்கள்தான். வேறு ஊர்க் கால்பந்து அணியான மான்செஸ்டர் யுனைடெட்டின் ரசிகர்கள் லண்டன் பப்பில் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. அந்த முரட்டுக் கூட்டத்துக்குத் தலைவராக வரும் வின்னி ஜோன்ஸ் நிஜமாகவே கால்பந்து ஆடியவர் என்பதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ளலாம். மொட்டைத் தலையோடு மாட் டேமன் வந்து பாடும் அந்தப் பாட்டு தொடங்கியதும் நான்கு பேரும் சேர்ந்து கத்தியதில் என் மனைவி எழுந்து வந்துவிட்டார்.

ஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராடிஸ்லாவாவில் நடக்கும் காட்சிதான் எனக்கு எப்போதும் பிடித்தது. கையில் மொத்தம் 1.83 டாலர். அதை வைத்துக்கொண்டு நான்கு பேர் அந்த ஊரில் ராஜ வாழ்க்கை வாழ்கிறார்கள். டிப்ஸாகக் கிடைத்த ஒரு ஐந்து சென்ட் காசை வாங்கிய ஊழியர், இனி சொந்த ஹோட்டல் திறப்பேன் என்று முதலாளியை அறைந்துவிட்டுப் போகிறார். ஸ்லோவாக்கியாவுக்கு இது அநியாயம். படம் வந்தது 2004 பிப்ரவரி, அந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது அதே வருடம் மே 1. இத்தனைக்கும் அந்த இடிந்த ஊர் பிராடிஸ்லாவாவே இல்லை. லண்டன், பாரிஸ், ரோம் என்று படத்தில் வரும் ஐரோப்பாவில் பெரும்பகுதியைச் செக் நாட்டிலேயே எடுத்து முடித்துவிட்டார்கள். அவர்கள் 1.83 டாலரில் சாதித்ததை என்னால் 3 டாலர் டிஸ்க்கில் சாதிக்க முடியவில்லை என்பது வேறு விஷயம். ஒரே நாட்டுக்குள் இருந்துகொண்டு இத்தனை எல்லைகளைத் தாண்டிய படத்துக்கு எங்கள் வீட்டு வாசல்படியைத் தாண்ட முடியவில்லை.

இந்தப் பூட்டு ஏன் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். அமெரிக்காவில் முதலில் படம் வரும், மற்ற நாடுகளுக்குச் சில மாதம் கழித்து வரும். இங்கே தியேட்டருக்கு வரும் முன்பே அங்கிருந்து டிவிடி வந்து இறங்கினால் வசூல் கெட்டுவிடும். நியாயம்தான், அன்றைக்கு. இருபது வருடத்துக்கு முந்தைய படத்துக்கு இன்னும் எந்தத் தியேட்டர் வசூலைக் காக்கிறீர்கள்? அதுவும் இந்தப் படம் தியேட்டரில் போட்ட காசையே எடுக்கவில்லை. பிற்பாடு டிவிடி வாங்கிப் பார்த்தவர்கள்தான் இதைத் தூக்கி நிறுத்தினார்கள், ஆகவே நீங்கள் பூட்டி வெளியே நிறுத்தியிருப்பதும் அவர்களைத்தான்.

நடைமுறைச் சிக்கல் என்றும் சொல்ல முடியாது. உங்கள் 4கே டிஸ்க்குகளுக்கு ரீஜன் பூட்டே கிடையாது, அதனால் உலகம் இடிந்துவிடவில்லை. நம் தமிழ்ப் பட டிவிடிகள் பலவற்றின் அட்டையில் எல்லா ரீஜனிலும் ஓடும் என்று போட்டிருக்கும். டொரண்டோவில் இருக்கும் தமிழர் வீட்டிலும் ஓடினால்தான் விற்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்புறம் அந்த எச்சரிக்கைப் படங்கள். காரைத் திருடுவாயா, கைப்பையைத் திருடுவாயா என்று மிரட்டும் விளம்பரத்தை 2004-ல் தொடங்கி எத்தனை டிஸ்க்குகளில் போட்டீர்கள்! தாண்டிப் போகவும் முடியாது. திருட்டு டிவிடி வாங்கியவனுக்கு அந்தத் தொல்லை இல்லை, நேராகப் படம். காசு கொடுத்தவனைத் திருடன் என்று சந்தேகப்படும் கடை உலகத்தில் வேறு எங்காவது உண்டா? மளிகைக் கடை அண்ணாச்சி அரிசி கட்டிக் கொடுத்துவிட்டு, 'இதை வடக்குத் தெருவில் சமைக்கக் கூடாது, அடுப்பை ஐந்து முறைதான் மாற்றலாம்' என்று சொல்வாரா? ஸ்ட்ரீமிங்கில் பார்த்துக்கொள் என்பீர்கள். இந்த மாதம் இருக்கிற படம் அடுத்த மாதம் இருக்காது. இயக்குநர்கள் உட்கார்ந்து பேசும் ஆடியோ கமென்டரி பெரும்பாலும் அங்கே வராது. 'வாங்கு' என்ற பட்டனை அழுத்தினாலும் கிடைப்பது படம் அல்ல, அனுமதி. அதையும் நீங்கள் நினைத்தால்...

மன்னிக்கவும். பணிவாகக் கேட்கத்தான் உட்கார்ந்தேன்.

இனி பழைய படங்களை மறுபடியும் அச்சிடும்போது ரீஜன் பூட்டு இல்லாமல் அச்சிடுங்கள். ஏற்கெனவே விற்ற டிஸ்க்குகளை நீங்கள் திருத்த முடியாது, புரிகிறது. ஆனால் ஒரு டிஸ்க் இந்த ஊரில் ஓடுமா என்பதை அட்டையின் பின்னால் பூதக்கண்ணாடி வைத்துத் தேடும்படி இல்லாமல் முன்பக்கத்தில் போடலாம். ட்ரைவ் தயாரிப்பவர்களிடம் பேசி அந்த ஐந்து முறைக் கணக்கையாவது தளர்த்தச் சொல்லலாம். இதில் எதுவும் உங்கள் வருமானத்தைக் கெடுக்காது. தயவுசெய்து அந்தப் பூட்டை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ரீஜன் 5-ல் வசிக்கும் ஒரு வாடிக்கையாளர்

பி.கு.: பர்மா பஜார் டிஸ்க் பெர்லின் வரை போய் நின்றுவிட்டது. ரோமை நாங்கள் பார்க்கவில்லை. அசல் டிஸ்க் மேஜை மேல்தான் இருக்கிறது. ட்ரைவில் அந்த ஒரு முறையும் அப்படியே இருக்கிறது.