மலையகத்து டீஜே தம்பிமாருக்கு

அன்பான தம்பிமாரே,

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் கல்யாண வீடோ தோட்டத்துத் திருவிழாவோ, சவுண்ட் செட் இறக்குவது நீங்கள்தான். ஸ்பீக்கர் பெட்டியைத் தோளில் சுமந்து லயத்துப் படி ஏறும் உங்கள் உழைப்பில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் ஒரு பாட்டு சூடு பிடிப்பதற்குள் வெட்டி அடுத்ததுக்குத் தாவுகிறீர்களே, அதுதான் பொறுக்கவில்லை. நடுவில் சைரன் வேறு.

டிரான்ஸ், புரோகிரசிவ் ஹவுஸ் என்ற எலக்ட்ரோனிக் நடன இசையில், பல பாட்டுகளை இடைவெளி இல்லாமல் கோத்துத் தரும் மிக்ஸ் ஆல்பம் ஒன்றையாவது முழுதாகக் கேளுங்கள். பிரிட்டிஷ் டீஜேக்களான சாஷாவும் ஜோன் டிக்வீடும் 1994இல் 'ரெனைசன்ஸ்' தொகுப்பை மூன்று சீடியில் தந்தார்கள். 1996இல் அவர்களே 'நோர்தர்ன் எக்ஸ்போஷர்' தந்தார்கள். ஒரு சீடிக்கு வடக்கு, மற்றதுக்குத் தெற்கு என்று பெயர். (நம் இலங்கையில் இந்தப் பெயர் வைத்தால் கதை வேறு மாதிரிப் போகும்.) நெதர்லாந்து டீஜே டியெஸ்டோவின் 'இன் சர்ச் ஒஃப் சன்ரைஸ்' தொகுப்பு வரிசை 1999இல் தொடங்கியது. இவற்றில் எந்தப் பாட்டு எங்கே முடிந்தது, அடுத்தது எப்போது நுழைந்தது என்று லேசில் பிடிக்க முடியாது.

அதில் மாயம் ஒன்றும் இல்லை. இரண்டு பாட்டின் வேகத்தையும் ஒன்றாக்கி, புதுப் பாட்டை பேஸ் என்ற கனத்த கீழ்ச் சத்தம் இல்லாமல் உள்ளே விடுவார்கள். முதலில் ஹை-ஹட் என்ற டிரம் செட் தாளத்தட்டு மட்டும் சலசலக்கும். பழைய பாட்டில் ஒரு கட்டம் முடியும் இடம் பார்த்து அதன் பேஸை இறக்கி, அதே அடியில் புதியதன் பேஸை ஏற்றுவார்கள். இரண்டு பேஸும் ஒன்றாக இரைந்தால் எல்லாம் கலங்கிவிடும். இந்த ஒரு மாற்றத்துக்கே ஒன்றிரண்டு நிமிடம் எடுப்பதும் உண்டு. சுருதி சேராத பாட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவும் மாட்டார்கள்.

இந்தப் பொறுமை நமக்குப் புதுசா என்ன? நம் தோட்டத்துக் காமன் கூத்தில் தப்பு மேளம் எடுத்த எடுப்பிலேயே உச்சத்துக்குப் போகிறதா? அடி மெல்ல மெல்ல ஏறித்தானே வேடம் கட்டியவருக்கு ஆவேசம் வருகிறது? அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் மேடையில் ஏன் இப்படி அவசரப்படுகிறீர்கள்?

சனம் தமிழ்ப் பாட்டுத்தானே கேட்குது அண்ணே என்பீர்கள். சரி, தமிழ்ப் பாட்டே போடுங்கள். நான் கேட்பது வெட்டாமல் கோப்பதை.

வருகிற தீபாவளிக்கு உங்களில் ஒருவராவது ஒரு மணித்தியால மிக்ஸ் செய்து வெளியிடுங்கள். அந்த ஆல்பங்களின் அட்டையில் இருப்பதுபோல, பாட்டின் பெயரும் அதைச் செய்தவர் பெயரும் வரிசையாக இருக்கட்டும். உங்கள் பெயரையும் அட்டையில் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டுக்கு நடுவில் மட்டும் அதைக் கத்தவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் சவுண்டுக்கு ஆடிக் களைத்த அண்ணன்